ட்ரங்க் இணைப்பில் பிழை: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். ஒரு நூற்பாலை. ஆபீஸ் கட்டடத்தில் ஒரு ஸ்விட்ச், முந்நூறு மீட்டர் தள்ளி ஸ்பின்னிங் பகுதியில் இன்னொன்று, நடுவே சிங்கிள் மோடு ஃபைபரில் ஒரு ட்ரங்க், அதாவது பல வி-லேன்களை (ஸ்விட்சில் பிரித்துவைத்த தனித்தனி நெட்வொர்க்குகளை) ஒன்றாகச் சுமக்கும் இணைப்பு. "நெட் இருக்கு சார், ஆனா ஈஆர்பி திறக்கவே மாட்டேங்குது" என்றார் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஈஆர்பி என்றால் ஆலையின் நிர்வாக மென்பொருள். பிங் போட்டால் பத்தில் ஒன்று தொலைகிறது. இரண்டு பக்கமும் பச்சை விளக்கு.

ஸ்விட்சின் லாக்கைத் திறந்தால், நேட்டிவ் வி-லேன் (எந்த வி-லேன் என்ற டேக் இல்லாமல் வரும் ஃபிரேம்கள், அதாவது தரவுத் துண்டுகள், சேரும் வி-லேன்) பொருந்தவில்லை என்று நிமிடத்துக்கு ஒரு வரி. ஒரு பக்கம் 99, மறுபக்கம் 1. டேக் இல்லாத ஃபிரேம் ஒரு வி-லேனில் கிளம்பி வேறொன்றில் போய் இறங்கும் என்பதால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். செய்தேன். அந்த வரி வருவது நின்றது. ஈஆர்பி மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் போர்ட் கவுண்டர்களைப் பார்த்தேன். ஸ்பின்னிங் பக்கம் சிஆர்சி பிழை (சிதைந்து வந்து சேர்ந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருந்தது, ஆபீஸ் பக்கம் சுழி. வி-லேன் அமைப்பில் எவ்வளவு தப்பு இருந்தாலும் சிஆர்சி ஏறாது. ஏறினால் கேபிள், கனெக்டர், எஸ்எஃப்பி (ஃபைபரைச் செருகும் ஒளி மாட்யூல்), டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பி வாங்குவதா, மாறி மாறியா என்ற அமைப்பு) என்று அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். இன்னொன்றும் உண்டு: பிழை பதிவாவது வாங்குகிற முனையில், கோளாறு பெரும்பாலும் அனுப்புகிற முனையிலோ வழியிலோ இருக்கும். எண் ஏறுகிற ஸ்விட்சை மாற்றிவிட்டு அப்படியே பிழை தொடர்வதைப் பார்த்துக் கைபிசைந்தவர்களை நான் அறிவேன்.

எஸ்எஃப்பிக்கு வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்த்தேன். ஆபீஸ் பக்கம் மைனஸ் 6 டிபிஎம், ஸ்பின்னிங் பக்கம் மைனஸ் 22, அதாவது மிகக் குறைந்த ஒளி. ஒரே தூரம், ஒரே மாதிரி எஸ்எஃப்பி. அப்படியானால் இரண்டு இழைகளில் ஒன்றில்தான் வினை. பேட்ச் கார்டை இரு முனையிலும் கழற்றி, கனெக்டர் நுனியை ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானின் நடுவில், குறுக்கே, ஒரு பஞ்சு இழை. சிங்கிள் மோடு ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். பஞ்சு இழை அதைவிடப் பருமன். க்ளீனர் பேனாவை வைத்து இரண்டு முறை அழுத்தினேன், மைனஸ் 7க்கு வந்தது. கவுண்டரை அழித்துவிட்டு ஷிஃப்ட் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். சிஆர்சி சுழி. அந்த ரேக் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லிவிட்டு, சும்மா கிடந்த போர்ட்டுகளுக்கெல்லாம் மூடி போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். தயவுசெய்து ஃபைபர் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

* * *

அண்ணா, என்னுடையது ஒரே ஒரு சொல்லால் வந்தது. ஒரு கல்லூரியில் புது லேபுக்காக வி-லேன் 30ஐ ட்ரங்கில் சேர்க்க வேண்டியிருந்தது. 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு வி-லேன் 30' என்று தட்டினேன். 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். பழைய பட்டியல் மொத்தமும் போய் 30 மட்டும் நின்றது. ஸ்விட்சை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் வி-லேனும் அதோடு போனதால், தொலைவிலிருந்து நுழைந்திருந்த என் எஸ்எஸ்ஹெச் திரை அந்த வரியிலேயே உறைந்துவிட்டது. அந்தப் பிளாக் முழுக்க இணைப்பு இல்லை. ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு நான்கு மாடி ஏறினேன். அன்று ஆன்லைன் தேர்வு ஒன்றும் இல்லாதது பெரிய புண்ணியம்.

இப்போதெல்லாம் தொலைவிலிருந்து ட்ரங்கைத் தொடும் முன், கான்ஃபிகை (ஸ்விட்சின் அமைப்பு வரிகளை) சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' போட்டுவிடுகிறேன். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்'. அதற்கு அப்புறம்தான் சேமிக்க வேண்டும்.

* * *

தங்கச்சி சொன்னதைப் போலவே விட்டுப்போன வரிதான் இங்கேயும். சிஸ்கோ 2950 ஸ்விட்ச் இரண்டை எடுத்துவிட்டு 2960 இரண்டு வைத்தோம். பழைய கான்ஃபிகை வரிக்கு வரி நகலெடுத்தோம். வி-லேன் 1ல் இருந்த கணினிகள் ஓடின, மற்ற வி-லேன்கள் எதுவும் மறுபக்கம் போகவில்லை. 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' கொடுத்தால் வெற்றுத் திரை.

2950ல் போர்ட்டின் இயல்பு நிலை டைனமிக் டிசைரபிள், 2960ல் டைனமிக் ஆட்டோ. ட்ரங்க் ஆகலாமா என்று டிசைரபிள் தானே முன்வந்து கேட்கும், ஆட்டோ எதிர்ப்பக்கம் கேட்கட்டும் என்று காத்திருக்கும். இரண்டு முனையும் ஆட்டோ என்றால் இரண்டுமே காத்திருக்கும், ட்ரங்க் உருவாகாது. இயல்பு நிலை கான்ஃபிகில் எழுதப்படாது, அதனால் நகலெடுத்ததிலும் அந்த வரி இல்லை. இரு பக்கமும் 'மோட் ட்ரங்க்' என்று கையால் எழுதினோம், உடனே வந்துவிட்டது. அன்றிலிருந்து இப்படிக் கேட்டு முடிவுசெய்யும் நெகோஷியேஷனையும் அணைத்துவிடுகிறேன்.

அண்ணனிடம் ஒரு கேள்வி: நேட்டிவ் வி-லேன் பொருந்தாமல் இருந்தபோது ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் ஃபிரேம்கள் சுற்றிச்சுற்றி வராமல் போர்ட்டைத் தடுக்கும் ஏற்பாடு) ஒன்றும் சொல்லவில்லையா?

* * *

சொன்னது தம்பி, நான் எழுத விட்டுவிட்டேன். பிவிஐடி (போர்ட்டின் நேட்டிவ் வி-லேன் எண்) பொருந்தவில்லை என்று வி-லேன் 1, 99 இரண்டையும் அந்த போர்ட்டில் தடுத்து வைத்திருந்தது. ஈஆர்பி ஓடியது வி-லேன் 20ல், அதனால் அது தடைபடவில்லை. அதை அப்போதே கவனித்திருந்தால் முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.