1936 ஆலை நாடகம்: முதலாளி பாத்திரத்துக்கு உதவி தேவை
தோழர்களே, 1936 ஜூலை 30 புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீதான துப்பாக்கிச் சூடு பற்றிய நாடகம், கடலூரில் ஒத்திகை. முதலாளி பாத்திரம்தான் சிக்கல். தொந்தி, சுருட்டு, உரத்த சிரிப்போடு வந்தால் சனம் அந்த ஆளை மட்டும் திட்டிவிட்டுப் போய்விடும். கூலிக் கணக்கு கண்ணில் படாது. அதனால் அவர் குரலே உயர்த்துவதில்லை. கணக்குப்பிள்ளை அபராதத் தொகையை வாசிக்க வாசிக்க, கோயில் நன்கொடைச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார்.

தாழ்ந்த குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. காலர் மைக்கில் பட்டு அங்கவஸ்திரம் உரசும் சத்தம்தான் வருகிறது. மைக்கை எங்கே குத்தலாம்? மேடை முன்விளிம்பில் தரை மைக் வைத்தவர்கள் எத்தனை அடிக்கு ஒன்று வைத்தீர்கள்?

பழைய பேரேடு, மேசை மணி, நூல் சுற்றும் பாபின் இரவலாகக் கிடைத்தால் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

எட்டு மணி நேர வேலைக் கோரிக்கை வந்ததும் முதலாளி எழுந்து நிற்கலாமா? உட்கார்ந்தே கேட்பதுதான் அதிகாரத்தைக் காட்டும் என்பது எங்கள் எண்ணம். நடித்தவர்கள் சொல்லுங்கள்.