அல்கொன்குவின் பூங்காவின் சிறிய ஏரிகளில் உயிர்மீன் இரைக்கு ஏன் தடை?

புதுத்தூண்டில்:
வணக்கம். வரும் மே மாத நடுப்பகுதியில் என் பதினைந்து வயது மகனுடன் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள அல்கொன்குவின் மாகாணப் பூங்காவுக்குச் சென்று, 60ஆம் நெடுஞ்சாலையிலிருந்து கனூ என்னும் சிறு படகைச் சிறிது தூரம் தோளில் சுமந்து சென்றால் எட்டிவிடக்கூடிய ஒரு சின்ன ஏரியில் ஓடை ட்ரவுட் (brook trout) என்னும் குளிர்நீர் மீன் பிடிக்க எண்ணியுள்ளேன். ரொறன்ரோப் பக்கத்தில் உயிருள்ள சிறுமீன்களை முள்ளில் கொளுவியே பழகியவன் நான். பூங்காவுக்குள் அவற்றை வைத்திருக்கவே கூடாது என்கிறார் ஒரு நண்பர். மீனுக்கு மீனை இரையாகக் கொடுப்பதால் ஏரிக்கு என்ன கேடு? மண்புழுவுக்கும் தடை உண்டா? பூங்கா அனுமதிச்சீட்டு இருந்தால் மீன்பிடி உரிமமும் தேவையா?

குளிர்நீர்:
நண்பர் சொன்னது சரிதான். முள்ளில் கொளுவிய மீனால் வரும் கேட்டைவிட, மாலையில் வாளியில் மிஞ்சியதை "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று நீரில் ஊற்றிவிடுவதால் வரும் கேடுதான் பெரிது. அந்த ஏரிகள் கருங்கல் பாறைமேல் கிடப்பவை. நீர் குளிர்ந்தது, தெளிந்தது, ஆனால் சத்துக் குறைந்தது. பனியுகம் முடிந்து பனியாறுகள் விலகியபின் அங்கே வந்து சேர்ந்த மீனினங்கள் சிலவே என்பதால், போட்டி அதிகமில்லாத இடத்தில் ஓடை ட்ரவுட் நிலைத்தது. வெளியிலிருந்து வரும் மஞ்சள் பேர்ச் போன்ற மீன்கள் ட்ரவுட் உண்ணும் அதே பூச்சிப்புழுக்களை உண்டு வேகமாகப் பெருகும். ஒருமுறை குடியேறிவிட்டால் அவற்றை அகற்றுவது ஏறக்குறைய இயலாது. (தூண்டில்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. சிறுவாய் பாஸ் மீனை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு அது நல்ல காரியமாகத் தெரிந்தது.)

வள்ளத்துறை:
உரிமம் தனி, பூங்கா அனுமதி தனி, இரண்டும் வேண்டும். ஒன்ராறியோவில் வசிப்பவரான உங்கள் மகன் 18 வயதுக்குக் குறைந்தவர் என்பதால் அவருக்கு உரிமம் தேவையில்லை. வயதைக் காட்டும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மண்புழுவுக்குப் பொதுத் தடை இல்லையென்றாலும் சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. ஆகவே நீங்கள் போகும் ஏரியின் பெயரை அந்த ஆண்டின் மீன்பிடி விதித்தொகுப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய புழுவைக் கரையில் கொட்டாதீர்கள். அவை அந்தக் காட்டின் மண்ணுக்கு உரியவை அல்ல. இலைச்சருகுப் படுகையைத் தின்று தீர்த்துவிடும்.

மே நல்ல தெரிவு. பனி உருகிச் சில வாரங்களே ஆகியிருக்கும். மேல்நீரும் குளிர்ந்திருப்பதால் ட்ரவுட் கரையோர ஆழமற்ற இடங்களிலும் மேயும். ஜூலையில் அதே மீன் ஆழத்துக்கோ அடியூற்று இருக்கும் இடத்துக்கோ இறங்கிவிடும். கடிக்கும் கறுப்பு ஈக்கும் மே மாதம்தான் பருவம் என்பதால் முகவலை கொண்டுபோங்கள்.

புதுத்தூண்டில்:
இருவருக்கும் நன்றி. வாளியையும் புழுவையும் வீட்டிலேயே விட்டுவிட்டுச் சிறிய சுழல்தகடுகளோடு (நீரில் சுழன்று மீனை ஈர்க்கும் செயற்கை இரை) போகலாம் என்று முடிவு செய்துள்ளேன். தூண்டிலை நீரில் தாழ்த்த ஈயக் குண்டு பாவிக்கலாமா?

குளிர்நீர்:
தவிர்ப்பதே நல்லது. ஏரியின் அடியில் கூழாங்கல் பொறுக்கி விழுங்கும் லூன் பறவைகள் ஈயத்தையும் சேர்த்து விழுங்கி இறக்கின்றன. ஒரு பறவையைக் கொல்ல ஒரு சிறு குண்டே போதும். தகரத்தில் செய்த குண்டுகள் கடைகளில் கிடைக்கும்; சுழல்தகட்டுக்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது.