லுபுண்டுவில் பென் டிரைவ் திறக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், அதில் லுபுண்டு 24.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்). வேகத்தில் ஒரு குறையும் இல்லை.

பிரச்சினை பென் டிரைவில்தான். பிரவுசிங் சென்டரில் விண்டோஸ் கணினியில் வினாத்தாள்களை ஏற்றிக்கொண்டு, எஜெக்ட் கொடுக்காமல் அவசரத்தில் பிடுங்கிவிட்டேன். வீட்டில் செருகினால் ஃபைல் மேனேஜரில் பெயர் தெரிகிறது, கிளிக் செய்தால் 'பேட் சூப்பர்பிளாக்' என்று பிழை. எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் உள்ள இன்னொரு பென் டிரைவ் ஒழுங்காகத் திறக்கிறது, அதனால் போர்ட்டில் கோளாறு இல்லை. திறக்காத டிரைவ் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபார்மேட்). டெர்மினலில் டிமெஸ்ஜி (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) பார்த்தேன்: 'என்டிஎஃப்எஸ்3, வால்யூம் இஸ் டர்ட்டி' என்று இருந்தது; அதாவது லினக்ஸின் புதிய என்டிஎஃப்எஸ் டிரைவர், டிரைவ் சரியாக மூடப்படவில்லை என்கிறது.

சூடோ (அட்மின் அனுமதி) போட்டு ரீட்-ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும் முடிகிறபடி, மவுண்ட் செய்ததும் திறந்துவிட்டது! எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன், அப்பாடா என்று இருந்தது. ஆனால் எழுத முடியவில்லை.

விண்டோஸில் செக்டிஸ்க் (டிரைவைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி) ஓட்டுவதுதான் சரியான வழி என்று தெரியும். வீட்டில் விண்டோஸ் இல்லை. லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளையை '-டி' சேர்த்துக் கொடுத்தால் அந்த டர்ட்டி குறி மட்டும் நீங்குமா, உள்ளே இருக்கும் சேதம் அப்படியே இருந்துவிடுமா?

அப்புறம், பிள்ளைகளும் இப்படிப் பிடுங்கிய டிரைவ்களைத்தான் கொண்டுவருகிறார்கள். டிரைவ்களை மவுண்ட் செய்யும் யூடிஸ்க்ஸ்2 சேவையின் அமைப்பில் பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவரை முதலில் வைத்தால் தினமும் இந்தப் பாடு இருக்காதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை திருப்புதல் தேர்வு வைத்திருக்கிறேன்.