‘என் டென்ஷன் என் டென்ஷன்தான்’: பெங்களூரில் நாங்கள் பார்த்த டென்னிஸ்காரர்கள்

அல்சூர்வாசி:

டிவியில் ஒருத்தர் ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்ததைப் பார்த்ததிலிருந்து என் மனைவி, டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கெல்லாம் தலைக்கனம் என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

கப்பன் பார்க்கில் கர்நாடக டென்னிஸ் சங்கத்தின் (கேஎஸ்எல்டிஏ) மைதானத்தில் நடக்கும் சேலஞ்சர் போட்டிக்கு (பெரிய தொடர்களுக்கு அடுத்த படியில் இருக்கும் சர்வதேசப் போட்டி) ஒரு வருஷம் தன்னார்வலராகப் போயிருந்தேன். ஹோட்டலில் இருந்து ஆட்டக்காரர்களை ஏற்றி வரும் வண்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு ஐரோப்பிய ஆட்டக்காரர், ரேங்க் இருநூறுக்குப் பக்கம். காலையில் அவர் வண்டி ஆறு நிமிஷம் தாமதம். பெங்களூரில் ஆறு நிமிஷம் என்றால் சீக்கிரம் வந்துவிட்ட கணக்கு. மனிதர் என்னை நிறுத்தி, “நான் யார் தெரியுமா?” என்றார். சத்தியமாகத் தெரியாது. கையிலிருந்த பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சொன்னேன், அதையும் தப்பாக உச்சரித்தேன்.

அன்று அவர் ஜெயித்துவிட்டார். மாலை அதே வண்டி இருபது நிமிஷம் தாமதம். ஒரு வார்த்தை பேசவில்லை. கேட் ஓரமாக உட்கார்ந்து தெருநாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் நான் பார்த்தது திமிரா, பயமா? உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கட்டிங் மெஷின்:

ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது என் தொழில். எங்கள் வட்டாரத்தில் ‘கட்டிங் (gutting) போடுவது’ என்பார்கள். வேறு கட்டிங்கை நினைத்துக்கொண்டு வந்தவர்கள் அடுத்த பதிவுக்குப் போகலாம்.

ஒரு சங்கதி தெரிந்தால்தான் நான் சொல்வது புரியும். நம்ம ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று கொஞ்சம் லேசு, அதனால் பந்து சென்னையில் போவதைவிட இங்கே நன்றாகப் பறக்கும். வழக்கமாக 23 கிலோ டென்ஷனில், அதாவது அந்த அளவு இழுவிசையில், கட்டச் சொல்கிறவர் இங்கே வந்தால் 24, 25 கேட்பார். நரம்பு இறுக்கமாக இருந்தால் பந்து அவ்வளவு துள்ளிப் போகாது, கட்டுக்குள் நிற்கும்.

ஒரு வருஷம் ஒருத்தர் வந்தார். ஆறு ராக்கெட்டை மேஜைமேல் வரிசையாக வைத்து “22” என்றார். அவ்வளவுதான், வணக்கம்கூட இல்லை. “இங்கே பந்து பறக்கும், ஒன்றிரண்டு கிலோ கூட்டிக்கொள்ளலாமே” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என் டென்ஷன் என் டென்ஷன்தான்” என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதுதான். நம் காதில் விழும்போது அர்த்தமே வேறு. என் உதவிப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

பயிற்சியில் போய்ப் பார்த்தோம். பந்தெல்லாம் பின்பக்க வேலியில். நாளைக் காலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து 24 கேட்பார் என்று பையனிடம் இரண்டு மசால் தோசை பந்தயம் கட்டினேன்.

வரவில்லை. அரையிறுதி வரை போய்விட்டார் மனுஷன்! நரம்பைத் தொடவில்லை, அடிக்கிற விதத்தை மாற்றிக்கொண்டார். பந்துக்குச் சுழற்சியைக் கூட்டி, வலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் அனுப்பி, அது கோட்டுக்குள் இறங்கி விழும்படி ஆடினார். தோசைக் காசு என் பையிலிருந்து போனது.

அதே வாரம் இன்னொருவர். தங்கமான பையன். ப்ளீஸ், தேங்க்யூ, என் குழந்தைகளைப் பற்றிக்கூட விசாரிப்பார். தினம் ஒரு டென்ஷன். காலையில் 24, மத்தியானம் 25, மறுநாள் “எதற்கும் 23 போட்டுப் பார்ப்போமா?” இரண்டாவது சுற்றோடு மூட்டை கட்டினார். பணிவானவன் ஜெயிப்பான் என்ற கதையெல்லாம் என் மெஷினில் ஓடியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்காரன்:

எல்லாம் சரி. இருநூறாவது ரேங்குக்கு “நான் யார் தெரியுமா” எல்லாம் ஓவர் இல்லையா?

ஏழாவது மாடி:

இருநூறாவது என்றால் உலகத்தில் இருநூறாவது, சார். நான் எங்கள் ஆபீஸ் ஏழாவது மாடியில் மூன்றாவது நல்ல கணக்காளர். அதற்கே அப்ரைசல் மாதத்தில் என் நடை மாறிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அவர்கள் பிழைப்பையும் கொஞ்சம் பாருங்கள். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 பேர்தான். இருநூறில் இருப்பவர் தகுதிச்சுற்று ஆடி உள்ளே வர வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. கோச்சுக்கும் விமான டிக்கெட்டுக்கும் தன் கையிலிருந்து போட வேண்டும். இந்திய ஆட்டக்காரர் சுமித் நாகல் 2023 செப்டம்பரில் தன் வங்கிக் கணக்கில் சுமார் 900 யூரோதான் இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2019 யுஎஸ் ஓப்பனில் ஃபெடரரிடம் முதல் செட்டை 6-4 என்று பிடுங்கியவர் அவர். வங்கிக் கணக்கைச் சொன்ன நாலே மாதத்தில், 2024 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பனில் போட்டித் தரநிலையில் (சீடு) 31ஆம் இடத்திலிருந்த அலெக்சாண்டர் பப்ளிக்கை நேர் செட்டில் வீட்டுக்கு அனுப்பினார். கணக்கில் 900 யூரோ இருக்கும்போது “நான் அங்கே ஆட வேண்டியவன்” என்று நம்புவதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஜெயித்தால் தன்னம்பிக்கை என்போம். தோற்றிருந்தால் நாமே திமிர் என்றிருப்போம்.

லெஃப்டி தம்பி:

என் அப்பா இங்கே ஒரு கிளப்பில் மார்க்கர். மெம்பர்களோடு ஆடிக்கொடுக்கிற வேலை. யாரிடம் எத்தனை பாயிண்ட் விட்டுக்கொடுத்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார் என்பது அப்பாவுக்கு அத்துப்படி. அதனால் ஈகோ பற்றி நான் வீட்டிலேயே பாலபாடம் படித்தவன்.

எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவருக்கு இடது கைக்காரன் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மறுநாள் அவருக்கு எதிராளி லெஃப்டி. நாற்பது நிமிஷம் அவருடைய பேக்ஹேண்டுக்கு வெளியே விலகி ஓடும் சர்வீஸையே போட்டேன். வாய் திறந்து ஒரு பாராட்டு இல்லை. “மறுபடி”, “மறுபடி” மட்டும்தான். கடைசியில் ஒரு டைபிரேக், அதாவது ஏழு பாயிண்ட் வரை போகும் குட்டி ஆட்டம், ஆடலாம் என்றார். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, 6-3 என்று முன்னால் போய்விட்டேன். மனிதர் ராக்கெட்டை இறக்கி, “டைம் முடிந்தது” என்றார். கோர்ட் நேரம் இன்னும் பத்து நிமிஷம் பாக்கி!

நான் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மறுபக்கம் யாருமே இல்லாத கோர்ட்டுக்குத் தனியாக சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று வலையில், ஒன்று வெளியே. ஐந்தாவதோ ஆறாவதோ நடுக்கோட்டில் சுண்ணாம்பு தடவியமாதிரி விழுந்தது. அந்த இடத்தையே ஒரு விநாடி பார்த்தார், பையைக் கட்டினார், போனார்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். “அப்பா, நூற்று எண்பதாவது ரேங்க்காரன் எனக்குப் பயந்து ஓடிட்டான்.” அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பயந்து ஓடலடா. தோத்த நினைப்போட தூங்கக் கூடாதுன்னு நிறுத்தியிருக்கான். அவன் அதைக் கோர்ட்லயே விட்டுட்டுப் போயிட்டான், நீதான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருக்க.”

அடுத்த வருஷம் ஒரு போட்டியில் தகுதிச்சுற்று ஆட எனக்கே வைல்ட் கார்டு (ரேங்க் பார்க்காமல் தரும் சிறப்பு அனுமதி) கிடைத்தது. 1-6, 2-6. ஐந்து கேமில் 40-15 முன்னிலையில் இருந்து தோற்றேன். ஒரு பாயிண்ட் போனால் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த இரண்டையும் விட்டேன். எதிராளி என்னைவிடப் பெரிய ஆட்டக்காரன் இல்லை. இரண்டு சர்வீஸும் தப்பி டபுள் ஃபால்ட் போட்டுவிட்டுக்கூட, எதிராளி தொடவே முடியாத ஏஸ் சர்வீஸ் போடப்போகிறவன் மாதிரி அடுத்த பந்தை வாங்கினான். 2024இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஃபெடரர் ஒரு கணக்கு சொன்னாரே, 1526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஜெயித்தும் பாயிண்டுகளில் ஜெயித்தது 54 சதவீதம்தான் என்று. அதைக் கேட்டபோது எனக்கு அந்த ஐந்து கேமும் வரிசையாக ஞாபகம் வந்தன.

இப்போது குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். “பையன் பணிவா இருக்கணும் சார்” என்று பெற்றோர் சொல்வார்கள். இருக்கட்டும், கோர்ட்டுக்கு வெளியே.

பந்து பொறுக்கியவள்:

நான் பள்ளியில் படிக்கும்போது பால் கேர்ள். சர்வீஸ் போடும் முன் எங்களிடம் மூன்று பந்து வாங்கி ஒன்றைத் திருப்பித் தருவார்கள் இல்லையா, அதில் எல்லாம் தெரியும். ஒருத்தர் ஏஸ் போட்ட பந்தே திரும்ப வேண்டும் என்று விரலால் காட்டுவார். எனக்கு எது எது என்று தெரியாது, தோன்றியதைக் கொடுப்பேன். அவர் திருப்தியாக வாங்கிக்கொள்வார். முதலில் ஏழு கேம், அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒருமுறை புதுப் பந்து வந்துவிடும். அப்போது மட்டும் முகம் வாடிப்போகும், பாவம்.

திருவான்மியூர் டு வொயிட்ஃபீல்டு:

என் அனுபவம் காலரியில் இருந்துதான். 2018 நவம்பரில் பெங்களூர் சேலஞ்சர் இறுதிப் போட்டி, நம்ம சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் சாகேத் மைனேனியை 6-2, 6-2 என்று ஜெயித்தார். முழங்கால் அடிபட்டு வருஷக்கணக்கில் ஒழுங்காக ஆட முடியாமல் இருந்தவர். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் சைகையில் பேசினேன். அவர் முகத்தில் கடைசி வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆர்ப்பாட்டமே இல்லாத தன்னம்பிக்கையும் உண்டு. அல்சூர்வாசி வீட்டில் இதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

அல்சூர்வாசி:

சொன்னேன். “அவர் நம்ம ஊர்க்காரர், அது வேற” என்றாள். கட்டிங் அண்ணே, அந்த 22 கிலோக்காரர் அப்புறம் வந்தாரா?

கட்டிங் மெஷின்:

அடுத்த வருஷமே வந்தார், தம்பி. அதே ஆறு ராக்கெட், அதே வரிசை. நான் எதுவும் சொல்லவில்லை, 22 என்று எழுதிக்கொண்டேன். அப்போது மேஜைமேல் குனிந்து, ரகசியம் சொல்கிறமாதிரி, “இந்த ஊரில் பந்து பறக்கும், தெரியுமா?” என்றார்.