வாடைக் காலக் கடைசியில் ஃபைபர் போட், வலை தண்ணிக்குள்ளே, திடீர்க் காத்து: பார்த்ததைப் பகிருங்கள்

கொள்ளிடக்கரை:
ஆத்துல வெள்ளம் இறங்கி மூணாம் நாள். வெள்ளை இறாலுக்கு ஆறு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்துல டிஸ்கோ வலை, அதாவது தரையில நிக்கிற மூணடுக்கு வலை. 28 அடி போட், மூணு ஆள். பாதி வலை ஏறியிருக்கும்போது வடகிழக்குல கடலும் மேகமும் ஒட்டுற இடத்துல ஒரு வெள்ளைக் கோடு. அது காத்து அடிச்சு உடைக்கிற அலையோட நுரை. பார்த்து அஞ்சு நிமிஷம் ஆகலை, காத்து மேலே விழுந்துடுச்சு. வலை பக்கவாட்டுல ஏறினதால போட் அலைக்குக் குறுக்கே கிடந்தது. முதல் அலை விளிம்பைத் தாண்டிக் கொட்டுச்சு.

மனசை விட்டுப் போகாதது அதுக்கு அப்புறம் நடந்தது. வலையோட வந்த ஆகாயத்தாமரை வேர் தண்ணி வடியிற ஓட்டையை அடைச்சிடுச்சு. எட்டு மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 10 செ.மீ. தண்ணி நின்னாலே கிட்டத்தட்ட ஒரு டன். அது ஒரே இடத்துல நிக்காது, போட் சாயற பக்கமே ஓடும். வெட்டின கேன் ரெண்டு கைக்கெட்டுற இடத்துல கிடந்ததால இறைச்சுத் தள்ள முடிஞ்சது. ஆத்து வெள்ளத்துக்குப் பிறகு வலை இழுத்தா, குப்பையை உடனுக்குடன் கடல்லயே உதறணும். கரையில போய்ப் பிரிச்சுக்கலாம்னு உள்ளே குவிக்கக் கூடாது.

அணியத்து ஆள்:
விளிம்பு வழியா இழுத்ததுதான் தப்பு. வலையோட மேல்கயிறை அணியத்துல, அதாவது போட் முன்முனையில, கட்டியிருந்தா வலையே போட்டை காத்துக்கு நேரே பிடிச்சிருக்கும். மிதந்து போற வழிவலை போடுறவங்க ராத்திரி முழுக்க அப்படித்தானே கிடக்கிறாங்க? அமரத்துல, அதாவது பின்முனையில, மட்டும் கட்டவே கூடாது. எஞ்சின் கனம் ஏற்கெனவே பின்னால இருக்கு, அலை நேரே ஏறி உள்ளே வந்துடும்.

நெடுவால் எஞ்சின்:
அணியத்து அண்ணே, வழிவலைக்குச் சொல்றதை டிஸ்கோ வலைக்குச் சொல்லாதீங்க. வழிவலை தண்ணியோட நகரும், இழுப்புக்கு விட்டுக்கொடுக்கும். டிஸ்கோ வலை ஈயத்தோட தரையில கிடக்கு, வெள்ளத்துல வந்த சேறு வேற மேல ஏறியிருக்கும். அது அசையாது. கயிறு குட்டையா இருந்தா அலை தூக்குற நேரம் அணியத்தைக் கீழே இழுத்துப் பிடிச்சு, அடுத்த அலையை உள்ளே வாங்கிடும். கட்டித்தான் ஆகணும்னா நடுவுல 15 பாகமாவது கயிறு விட்டுக் கட்டணும். அதைவிட நல்லது, மேல்கயிறுல 20 லிட்டர் காலி கேன் ஒண்ணைக் கட்டி, ஜிபிஎஸ்ல இடத்தைக் குறிச்சுட்டு வலையை விட்டுடறது. கத்தி அணியத்துலயே சொருகி இருக்கணும், பெட்டிக்குள்ள இல்லை.

எனக்கு உறுத்துறது எஞ்சின். மழையில ரெண்டு தடவை இருமிட்டு நின்னுபோன அவுட்போர்டு, அதான் போட் பின்னால மாட்டுற எஞ்சின். எண்ணெய்க் குழாய்ல கையால அமுக்குற ப்ரைமர் பல்பு கெட்டியா இருக்கு, எண்ணெய் வருது, பத்த மாட்டேங்குது. டேங்க் மூடியில இருக்கிற காத்துத் துளை வழியா மழைத்தண்ணி இறங்கியிருக்கு. அரை டேங்க் எண்ணெய் அலையில குலுங்கி, அடியில படிஞ்ச தண்ணியைக் கலக்கிக் குழாய்க்கு அனுப்பிடுச்சு. வாடையில டேங்க் நிறைச்சுட்டுத்தான் கிளம்பணும். அடியில தண்ணி நிக்கிறது கண்ணுக்குத் தெரியிற வடிகட்டி போடணும். ப்ளக் ரெண்டு, ப்ளக் ஸ்பேனர், காய்ஞ்ச துணி மூணும் ஒரே டப்பாவுல. பல்பு அமுக்க அமுக்க மெத்துனு இருந்தா அது வேற கோளாறு, குழாய்ல காத்து இழுக்குது.

துறைமுகக் கம்பம்:
இது யாரும் கேட்காதது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கு. "ஒண்ணாம் நம்பர் கூண்டுதானே" என்று வலையோடு இறங்கிப் போகிறவர்களை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறேன். அந்த எண்ணைக் காற்றின் பலமாகப் படிப்பதால் வரும் பிழை அது. 1, 2 என்றால் புயல் சின்னம் தூரக் கடலில் இருக்கிறது என்று பொருள். 3, 4 என்றால் துறைமுகத்தையே மோசமான வானிலை தொடப்போகிறது. கரையில் இருப்பவனுக்கு 1 சின்ன எண்தான். ஆழ்கடலுக்குப் போகிறவனோ அந்தச் சின்னம் இருக்கும் பக்கமாகத்தான் போகிறான்.

காத்திருந்து பார்க்கலாம் என்பதும் எடுபடாது. ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 காலையிலேயே புயல். அதற்குள் ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குத் திரும்பி வர நேரமே இல்லை. கையடக்க விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனலில் வையுங்கள். போட்டில் உட்கார்ந்தபடி பேசினால் சில கடல் மைல்தான் எட்டும், ஆகவே பக்கத்துப் போட்டுக்குத்தான் முதலில் கேட்கும். இரண்டு போட்டாகப் போவது அதற்காகத்தான். செல்போன் எட்டுகிற தூரம் என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. போன் ஈரம் புகாத பையில், உடம்போடு இருக்கட்டும்.

கொள்ளிடக்கரை:
நெடுவால் சொல்றது சரி, அங்கே கயிறு குட்டைதான். நங்கூரமும் அப்படித்தான், ஆறு பாகத்துக்கு நாப்பது பாகம் கயிறும் முன்னால நாலு மீட்டர் சங்கிலியும் இருந்தாத்தான் தரையைப் பிடிக்கும்.

முகத்துவாரம்:
திரும்பி வர்றதை யாருமே எழுதலை. வத்தத்துல, அதாவது கடல் தண்ணி இறங்குற நேரம், ஆத்துத் தண்ணி வெளியே பாயுது, வாடை அலை உள்ளே வருது. ரெண்டும் மோதுற மணல்திட்டுல அலை குத்துச்சுவரா எழும்பும். பார்த்த போட் ஒண்ணு அலையை முந்திடலாம்னு முழு வேகம் கொடுத்துச்சு. அணியம் முன் பள்ளத்துல குத்தி, அமரம் திரும்பி, குறுக்கே விழுந்துச்சு. அலை முதுகுல ஏறி, அது போற வேகத்துலயே வரணும், முன்னால தாண்டக் கூடாது. ஈர வலை நடுவுல, தாழ கிடக்கணும். இல்லேன்னா வெளியவே கிடந்து, ஏத்தம் ஆரம்பிச்சு கடல் தண்ணி ஏறத் தொடங்கினப்புறம் உள்ளே வரணும். அன்னைக்குப் பின்னால வந்த ரெண்டு போட்டும் மூணு மணி நேரம் வெளியே கிடந்து, மீனோட வந்து சேர்ந்துச்சு.