புதுப்பிப்பு: எஸ்எஸ்டி திடீர்னு காணாம போன பிரச்சனை தீந்துச்சு

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. புதுசா படிக்கிறவங்களுக்கு: என்னோடது 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஃப்ளாஷ் சிப்புல டேட்டா வைக்கிற டிரைவ், சாட்டா கேபிள் வழியா மதர்போர்டோட சேரும்), பெரிய ஃபைல் காப்பி பண்றப்போ சிஸ்டம் அப்படியே நின்னு டிரைவே காணாம போயிடும், ஆயுசு முடிஞ்சிருச்சான்னு கேட்டிருந்தேன்.

"ஸ்மார்ட்ல 199 பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுதான் கரெக்ட். ஸ்மார்ட்ன்னா டிரைவ் தன் நிலைமைய தானே பதிஞ்சு வைக்கிற பட்டியல், அதுல 199-ங்கிற வரி சிஆர்சி எரர், அதாவது கேபிள் வழியா போறப்போ டேட்டா எத்தன தடவ கெட்டுச்சுன்ற எண்ணிக்கை. அது ஏறிக்கிட்டே இருந்துச்சு, ஆனா ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போனதால மாத்தி வச்ச இடங்கள்) 0, வாரண்டில 300 டிபி வரைக்கும் எழுதலாம்னு இருக்கு நான் எழுதினது 41 டிபி தான், அதாவது ஃப்ளாஷ் தேஞ்சு போகல, மதர்போர்டுக்கும் டிரைவுக்கும் நடுவுல போற வழியிலதான் டேட்டா கெடுது. சாட்டா கேபிள மாத்துனேன், அவ்ளோதான், ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளயே இருக்கிற மென்பொருள்) பக்கமே போகல.

ஒண்ணுதான் எதிர்பாக்கல, கேபிள் மாத்தியும் அந்த 199 நம்பர் குறையாது, அது மொத்தக் கணக்கு, மேல ஏறாம இருந்தா போதும். எனக்கு ஏறல.