ஈடேலில் இரண்டு ராத்திரி டென்ட்: முதல் தடவை போகிறோம், என்னவெல்லாம் வேண்டும்?

பனித்துளி:
ஜூன் கடைசியில் நாங்கள் ஆறு பேர், எல்லாரும் மான்செஸ்டரில் ஒன்றாக வேலை பார்க்கிறவர்கள், வெள்ளி சாயங்காலம் ரயில் ஏறி பீக் டிஸ்ட்ரிக்டில் ஈடேலுக்குப் போய் இரண்டு ராத்திரி டென்ட்டில் தங்கலாம் என்று இருக்கிறோம். ஒருத்தருக்கும் முன் அனுபவம் கிடையாது. கிண்டர் ஸ்கவுட் உச்சியிலேயே டென்ட் போட்டால் விடியலை அங்கிருந்தே பார்க்கலாம் என்று ஒருவன் பிடிவாதமாக இருக்கிறான், அது முடியுமா? இன்னொன்றுதான் எனக்குப் பெரிய கவலை. எங்களில் ஒருத்திக்குக் குளிர் கொஞ்சமும் ஆகாது, வரவா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறாள், அவளை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனசு இல்லை. ஜூனில் ராத்திரி அவ்வளவு குளிருமா? தடிமனான போர்வை நாலு எடுத்துப் போனால் போதுமா?

மேட்டுவழி:
உச்சியில் டென்ட் போடும் எண்ணத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி திறந்த வெளியில் பொறுப்பாகத் தங்கலாம், அதைக் கேள்விப்பட்டுத்தான் நிறையப் பேர் இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் நிலத்துச் சொந்தக்காரரிடம் கேட்காமல் டென்ட் போட உரிமை இல்லை. தென்மேற்கில் இருக்கிற டார்ட்மூர் தேசியப் பூங்காவின் பொது மேடு ஒன்றுதான் விலக்கு, அதுவும் வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்தான் மக்கள் பக்கம் தீர்ப்பு வந்தது.

நடப்பதற்குத் தடை இல்லை. அதுவும் சும்மா கிடைத்ததில்லை. 1932 ஏப்ரலில் சாதாரணத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் இதே கிண்டர் மேட்டில் தடையை மீறி ஏறினார்கள், அதற்காகச் சிலர் சிறைக்கே போனார்கள். 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே நடக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறையும்.

ஈடேல் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்திலேயே கேம்ப்சைட் இருக்கிறது, இப்போதே புக் செய்துவிடுங்கள். விடியல் வேண்டுமென்றால் ஈடேலுக்கு மேலே முகட்டில் இருக்கிற ஹாலின்ஸ் கிராஸுக்கு ஏறுங்கள், அங்கிருந்து முகடு வழியாகவே மாம் டோர் குன்றுக்குப் போய்விடலாம், அதன் உயரம் 517 மீட்டர்தான். ஒன்று, ஜூனில் சூரியன் ஐந்து மணிக்கு முன்னாலேயே உதித்துவிடும், நாலரைக்கெல்லாம் டென்ட் உள்ளே பளிச்சென்று வெளிச்சம் வந்துவிடும். தூங்க நினைக்கிறவர்கள் கண்ணைக் கட்ட ஒரு துணி வைத்துக்கொள்ளட்டும்.

கரிசல்:
குளிர் பற்றிக் கேட்டீர்கள், அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை போகிற எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்திருக்கிறேன். நாங்கள் போனது மே மாதம், லேக் டிஸ்ட்ரிக்டில் லாங்டேல். பகலில் வெயில் அடித்தது, ராத்திரி வானம் துடைத்து வைத்த மாதிரி தெளிவாக இருந்தது. அதுவே முதல் எச்சரிக்கை, எங்களுக்குத் தெரியவில்லை. மேகம் இல்லாத ராத்திரியில் நிலம் தன் சூட்டை வேகமாக விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். நாங்களோ ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாம் என்று இருப்பதிலேயே தாழ்வான இடமாகப் பார்த்து டென்ட் போட்டிருந்தோம்.

காற்று அடிக்கிற பெரிய மெத்தை, மேலே மூன்று போர்வை. இரண்டு மணிக்கு என் மனைவி எழுந்து உட்கார்ந்து, "முதுகு மட்டும் ஈரத் தரையில் படுத்த மாதிரி இருக்கிறது" என்றாள். கையை விட்டுப் பார்த்தேன், போர்வைப் பக்கம் வெதுவெதுப்பு, மெத்தை மட்டும் சில்லென்று இருந்தது. உள்ளே இருக்கிற காற்று சுற்றிக்கொண்டே இருக்கும், நம் சூட்டை எடுத்துத் தரைக்குக் கொடுத்துவிடும். மூன்று போர்வையில் இரண்டை உருவி அடியில் விரித்தோம், அதற்கு அப்புறம்தான் தூக்கம் வந்தது.

அதனால் போர்வைக்குப் போடுகிற காசை முதலில் அடியில் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோம் மேட் வேண்டும், உங்கள் தோழிக்கு இரண்டாகவே போடுங்கள். மேட்டில் ஆர்-வேல்யூ என்று ஒரு எண் இருக்கும், கூடக்கூடக் குளிர் ஏறாது, அவளுக்கு 3க்கு மேல் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்ப அளவு அச்சடித்திருப்பார்கள், "கம்ஃபர்ட்" என்கிற எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள், "லிமிட்" என்பதைப் பார்த்து வாங்கினால் ராத்திரி முழுக்க நடுங்க வேண்டும். ஜூனிலும் பள்ளத்தாக்கில் சில ராத்திரி 5 டிகிரி வரை இறங்கும். படுக்கும்போது பகலில் போட்ட உடுப்பு வேண்டாம், வேர்வை ஈரம் இருக்கும், உலர்ந்த காலுறையும் தொப்பியும் தனியாக எடுத்து வையுங்கள். டென்ட் ஜன்னலை முழுக்க மூடிவிடாதீர்கள், மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிந்து காலையில் தலையில் சொட்டும்.

தோழியைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

வேலிக்கிளி:
இரண்டு விஷயம், தயவுசெய்து எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். குளிருகிறது, மழை பெய்கிறது என்று பார்பிக்யூ அடுப்பை டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது, அணைந்த மாதிரி தெரிந்தாலும் கூடாது. கரியிலிருந்து மணிக்கணக்கில் கார்பன் மோனாக்ஸைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

அப்புறம் உண்ணி. புதர்ப் பக்கம் நடந்தால் ராத்திரி முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பிலும் பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த சில வாரத்தில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் உடனே ஜிபியிடம், அதாவது உங்கள் டாக்டரிடம் போக வேண்டும், உண்ணி கடித்து வருகிற லைம் நோயாக இருக்கலாம்.

பனித்துளி:
எல்லாருக்கும் நன்றி. கரிசல் அண்ணா எழுதியதை அப்படியே அவளுக்கு அனுப்பினேன், வருகிறேன் என்றுவிட்டாள். கேம்ப்சைட்டில் இடம் பிடித்தாயிற்று. அண்ணா, டென்ட் நாலு பேருக்கு என்று போட்டிருந்தால் நாலு பேர் படுக்கலாமா?

கரிசல்:
மூன்று பேர், பைகளோடு. நாலு பேர் படுத்தால் ஓரத்தில் இருப்பவர் ஈரத் துணியை ஒட்டித்தான் படுக்க வேண்டும். ஆறு பேருக்கு இரண்டு டென்ட் வாங்குங்கள், ஓடைக்குப் பக்கத்தில் வேண்டாம், கொஞ்சம் மேடாகப் பார்த்துப் போடுங்கள்.

பனித்துளி:
போய் வந்துவிட்டோம்! சனி மத்தியானம் நல்ல மழை, நாலு மணி நேரம் டென்ட்டுக்குள்ளேயே சீட்டு விளையாடினோம். ராத்திரி வானம் தெளிந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே குளிர் இறங்கியது. அடியில் இரண்டு மேட், தலையில் கம்பளித் தொப்பி, அவள்தான் எங்கள் ஆறு பேரில் முதலில் தூங்கினாள். விடியற்காலை நாலு மணிக்கு எங்களை எழுப்பியதும் அவள்தான். ஹாலின்ஸ் கிராஸில் நின்று பார்த்தால் ஈடேல் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைப் பனிமூட்டம், எங்கள் டென்ட் எங்கே என்றே தெரியவில்லை, எதிரே கிண்டர் மேடு மட்டும் மேலே வெளிச்சத்தில் இருந்தது. ஆகஸ்ட் பேங்க் ஹாலிடேக்கு லாங்டேல் போகலாமா என்று அவளே கேட்கிறாள்.